மலையில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல செட் போடுவது எப்படி

கார் செட்டை மாற்றப்போகிறேன் என்று சொன்னதும் கீழே கோயம்புத்தூரில் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு 12 அங்குல ஊஃபர் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டியைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். பைபாஸில் நூறுக்கு மேல் போகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் முப்பது நாற்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிற நமக்கு வேண்டியது வேறு. சத்தம் குறைவாக வைத்தாலும் பாட்டில் இருக்கிறதெல்லாம் தெளிவாகக் கேட்க வேண்டும், வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் அடிக்கிற ஹாரனும் காதில் விழ வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதற்குக் காசு போடுவது, எதை விட்டுவிடுவது என்பதில் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஸ்போர்ட்ஸ் காரில் என்ன சிக்கல் என்றால், எடையைக் குறைப்பதற்காகச் சத்தம் தடுக்கும் பொருளைக் கஞ்சத்தனமாகத்தான் வைத்திருப்பார்கள், டயர் அகலம், சஸ்பென்ஷன் இறுக்கம், சைலன்சர் சத்தத்தை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். மலையேறும்போது காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் பெரிதாக இருக்காது, இன்ஜின் சத்தம்தான் எல்லாம். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது நொடிக்கு 100 தடவை எரிகிறது, அதாவது 100 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம். ஆறு சிலிண்டர் என்றால் அதே வேகத்தில் 150, வி8 என்றால் 200. மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியும், தவிலின் அடியும், பேஸ் கிட்டாரும் உட்கார்ந்திருக்கிற இடமும் ஏறக்குறைய அதுதான். அதனால்தான் வீட்டு வாசலில் நிற்கும்போது நன்றாக இருந்த பாட்டு, பர்லியார் தாண்டி ஏற ஆரம்பித்ததும் மெலிந்துபோய் வெறும் குரலும் ஜால்ராவும் மட்டும் கேட்கிறது. உடனே வால்யூமை ஏற்றுவோம், கம்பெனி ஸ்பீக்கர் கரகரக்கும், செட் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். பல வண்டிகளில் ஸ்பீக்கரைவிடக் கதவுதான் பிரச்சினை.

எதையும் வாங்குவதற்கு முன்னால் வண்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண செட் என்றால் டேஷ்போர்டில் இருக்கிற ஹெட் யூனிட்டுக்குள்ளேயே ஒலியைப் பெருக்கும் சின்ன ஆம்ப் இருக்கும். பெட்டி மேல் 4 x 50 வாட் என்று போட்டிருந்தாலும் அதிலிருந்து நிஜமாகத் தொடர்ந்து வருவது சேனலுக்கு 15, அதிகம் போனால் 22 வாட்தான். போஸ், ஜேபிஎல், ஹார்மன் கார்டன் என்று கிரில்லில் பெயர் பொறித்திருந்தால் கதை வேறு. அங்கே ஆம்ப் சீட்டுக்கு அடியிலோ டிக்கி ஓரத்திலோ தனியாக இருக்கும், ஸ்பீக்கர்களின் மின்தடை வழக்கமான 4 ஓம் இல்லாமல் 2 ஓமாகவும் இருக்கலாம். அதில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் கழற்றிவிட்டு 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் முன்பைவிடச் சத்தம் குறைந்துதான் வரும். மல்டிமீட்டரில் ஓம் வைத்து ஒரு தடவை அளந்து பாருங்கள், 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2-லிருந்து 3.8-க்குள் காட்டும், 2 ஓம் என்றால் 2-க்குக் கீழே போகும். 2000-களில் வந்த பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், போர்ஷே வண்டிகள் பலவற்றில் ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்கு ஒயரே போகாது, மோஸ்ட் என்கிற பிளாஸ்டிக் ஒளியிழை இணைப்பு வழியாகத்தான் ஒலி போகும். அதற்குத் தனி அடாப்டர் வேண்டும், விலையும் அதிகம். செகண்ட் ஹேண்டில் இப்படி ஒரு வண்டி எடுத்திருக்கிறவர்கள் முதலில் அந்த அடாப்டர் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு அப்புறம் மற்றதற்குக் காசை எடுக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சில ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜின் உறுமலில் ஒரு பங்கை ஸ்பீக்கர் வழியாகவே போலியாகச் சேர்க்கிறார்கள். புது ஆம்புக்கு அந்த ஒயரிலிருந்து ஒலியை எடுத்தால் உறுமலும் சேர்ந்து இரண்டு மடங்காக வந்து நிற்கும். வேறு சிலவற்றில் கூரையில் மைக் வைத்து இரைச்சலை எதிரலையால் அடக்குகிற ஏற்பாடு இருக்கும், அதன்மேல் ஊஃபர் சேர்த்தால் காரணமே தெரியாமல் ஒரு ஊளை கிளம்பும். இரண்டையுமே அணைக்க வழி உண்டா என்று முதலிலேயே உங்கள் மாடலுக்குத் தேடிவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு கண்ணாடிகளையும் பாதியாவது இறக்கிவிடுங்கள். இரண்டு கதவு வண்டிகளில் பெரும்பாலும் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் கிடையாது, கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கித்தான் கதவு திறக்கும். பேட்டரி இல்லாதபோது அது இறங்காது, நீங்கள் இழுத்துத் திறந்து மூடினால் ரப்பர் பீடிங் கிழியும் அல்லது கண்ணாடி போகும். பேட்டரி டிக்கியில் இருக்கிற வண்டி என்றால், அந்த டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும் என்றால், வேலை முடிகிறவரை அதை மூடவே மூடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் கதவில் கை வையுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் எதைப் பார்த்தாலும் அது ஏர்பேக், தொட வேண்டாம். கதவுக்குள் சின்ன கறுப்புப் பெட்டியாக பிரஷர் சென்சார் இருக்கலாம், பக்கவாட்டில் வேறு வண்டி மோதும்போது கதவுக்குள் ஏறும் காற்றழுத்தத்தை வைத்து ஏர்பேக்கை வெடிக்க வைப்பது அதுதான். அதை மூடியோ இடம் மாற்றியோ வைக்கக் கூடாது.

டோர் பேடைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கிளிப்புகள் குளிரில் உடையும். டிசம்பர் காலையில் ஊட்டியில் கராஜுக்கு வெளியே இந்த வேலையை ஆரம்பித்தால் கிளிப் வரிசையாக உடைவதைக் கேட்கலாம். வெயில் ஏறிய பிறகு, வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தி வைத்துச் செய்யுங்கள், பத்துப் பன்னிரண்டு கிளிப் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். மலையில் எந்தக் கடையிலும் உங்கள் வண்டிக்கு ஏற்ற கிளிப் அன்றைக்கே கிடைக்காது.

பேட் வந்ததும் உள்ளே ஒரு பாலிதீன் ஷீட்டோ ஃபோம் ஷீட்டோ ஒட்டியிருக்கும். பல பேர் அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். தென்மேற்குப் பருவமழை ஒரு பக்கம், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொட்டுகிற வடகிழக்கு மழை ஒரு பக்கம் என்று வருஷத்தில் பாதி நாள் நனைகிற ஊரில், அதைக் கிழித்தால் மிதியடிக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும். எச்சரிக்கையாக உரித்துத் திரும்ப ஒட்டுங்கள், இல்லை என்றால் அது மறைத்திருந்த ஓட்டைகளையே, தகரத்தின் அதிர்வை அடக்குகிற டேம்பிங் ஷீட்டால் முழுதாக அடையுங்கள். கதவின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வெளியேற இருக்கிற துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

டேம்பிங் ஷீட்டில்தான் நான் தாராளமாகச் செலவு செய்யச் சொல்வேன். ப்யூட்டைல் ரப்பரும் மேலே அலுமினியத் தகடும் உள்ளதை வாங்குங்கள். விலை குறைவாகக் கிடைக்கிற தார் ஷீட் இங்கே ஊட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒருநாள் சித்திரை வெயிலில் கீழே இறங்கி வண்டியை நிறுத்தினால் உருகி வழியும், உள்ளே தார் வாசனை அடிக்கும். மலைக்கும் சமவெளிக்கும் மாறி மாறிப் போகிற வண்டிக்கு அது ஆகாது. ஒட்டும் இடத்தைத் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஹீட் கன்னோ தலை காயவைக்கிற டிரையரோ வைத்துத் தகரத்தையும் ஷீட்டையும் இளஞ்சூடாக்கி, உருளையால் அழுத்தி ஒட்டுங்கள். பதினைந்து டிகிரிக்குக் கீழே ப்யூட்டைல் சரியாகப் பிடிக்காது, பிடித்ததுபோல இருந்து ஒரு மாதத்தில் ஓரம் தூக்கும். மேகம் இறங்கி எல்லாம் ஈரமாக இருக்கிற நாளில் வேலையையே தள்ளிப் போடுங்கள். கதவின் வெளித்தகட்டில் முழுக்க ஒட்ட வேண்டியதில்லை, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருக்கிற இடத்தையும் நடுவில் இருக்கிற பெரிய தட்டையான இடத்தையும் மூடினால் போதும். விரலால் தட்டிப் பாருங்கள், டங் என்று ஒலித்த தகரம் டொக் என்று ஒலிக்க வேண்டும். உள்தகட்டில் உள்ள ஓட்டைகளை அடைப்பதுதான் இதைவிட முக்கியம், ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். இந்த வேலையை முடித்துவிட்டுப் பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டிக் கேளுங்கள். சிலருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடும், அப்படித் தீர்ந்தால் மீதிப் பணத்துக்கு டயர் வாங்கலாம்.

ஸ்பீக்கர் என்று வந்தால் வண்டியின் முன்பக்கம் இரண்டு மட்டும் போதும். 6.5 அங்குலக் கதவு ஸ்பீக்கரும் ட்ரெபிளுக்குத் தனி ட்வீட்டரும் உள்ள காம்போனென்ட் செட். பின்சீட் பெயருக்குத்தான் இருக்கிற வண்டியில் பின்ஸ்பீக்கருக்குச் செலவு செய்வது வீண், இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். வாங்கும்போது வாட்டைப் பார்ப்பதைவிட சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது, எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும், ஆகவே 92 போட்ட ஸ்பீக்கர் கம்பெனி ஹெட் யூனிட்டிலேயே ஓரளவு பாடும், 86 போட்டது ஆம்ப் இல்லாமல் முனகும். கூம்பு வெறும் காகிதமாக இல்லாமல் பாலிப்ரோப்பிலீனோ மேற்பூச்சு உள்ள காகிதமோ என்றால் நம் ஈரத்துக்கு நல்லது. வண்டிக் கதவின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள், மெல்லிய கதவில் ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் இடிக்கும். கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு அளக்க வேண்டும். ஸ்பீக்கர் உட்காரும் வளையம் பிளைவுட்டில் அறுத்ததாக இருந்தால் வார்னிஷ் அடித்துப் போடுங்கள், மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊறி உப்பிவிடும், பிளாஸ்டிக் வளையம் கிடைத்தால் அதுவே மேல்.

ஆம்பைப் பொறுத்தவரை சேனலுக்கு 50-லிருந்து 75 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் திறன்) தரும் நான்கு சேனல் கிளாஸ் டி (மின்சாரம் வீணாவது குறைவான வகை) ஆம்ப், அதிலேயே ஒலியைத் திருத்துகிற சிப்பான டிஎஸ்பி சேர்ந்திருந்தால் ரொம்ப நல்லது. கம்பெனி ஹெட் யூனிட்டை மாற்ற வேண்டாம் என்றே சொல்வேன், புதிய வண்டிகளில் பார்க்கிங் சென்சார் சத்தமும் ஏசித் திரையும் எல்லாம் அதிலேயே கோர்த்திருக்கும். அதன் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே ஒலியை வாங்கிக்கொள்கிற ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்பாகப் பாருங்கள். ஒயரை வெட்டாமல் நடுவில் செருகுகிற டி ஹார்னஸ் பல மாடல்களுக்குக் கிடைக்கிறது, வாரண்டி இருக்கிற வண்டிக்கு அதுதான் வழி, விற்கும்போது கழற்றிக்கொள்ளவும் வசதி. கம்பெனி ஹெட் யூனிட்டுகள் பலவும் வால்யூம் ஏற ஏற பேஸைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்கத்தான். டிஎஸ்பி இருந்தால் அதைச் சமன் செய்யலாம்.

ஒயரிங்கில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. 4 x 75 என்றால் 300 வாட், கிளாஸ் டி ஆம்பின் திறனை 80 சதவீதம் என்று வைத்து 13.8 வோல்ட்டால் வகுத்தால் 27 ஆம்பியர் வருகிறது. இதற்கு 8 கேஜ் ஒயர் போதும், பின்னால் ஊஃபர் சேர்க்கிற எண்ணம் இருந்தால் அதைவிடத் தடித்த 4 கேஜ். செம்பு ஒயர்தானா என்று கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம், இங்கே ஈரத்தில் முனை சீக்கிரம் பூத்துப்போகும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற இல்லை, ஒயர் எங்காவது உரசித் தகரத்தில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. எர்த் ஒயர் குட்டையாக, பெயிண்டைச் சுரண்டிய வெறும் தகரத்தில் போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவி விடுங்கள், சுரண்டிய இடம் அப்படியே இருந்தால் ஒரு மழைக்காலத்தில் துரு ஏறி ஆம்ப் விட்டு விட்டுப் பாடும். பவர் ஒயர் ஒரு ஓரமும் சிக்னல் ஒயர் மறு ஓரமும் போகட்டும், இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டர் அழுத்த அழுத்தக் கொசு மாதிரி ஒரு சத்தம் கூடவே வரும்.

ஊஃபர் வேண்டுமா? சீட்டுக்கு அடியில் வைக்கிற 8 அங்குல ஆம்ப் சேர்ந்த தட்டை ஊஃபர் போதும். டிக்கியில்தான் வைப்பேன் என்றால் மூடிய பெட்டியாக, சின்னதாக, நான்கு பக்கமும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியதாக இருக்க வேண்டும். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவில் கட்டாத பெட்டி டிக்கிக்குள் அலைந்தால் கார் கையாளும் விதமே மாறும். ஸ்டெப்னி இருக்கிற குழியில் ஊஃபர் வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். மசினகுடிக்கு இறங்குகிற வழியில் ராத்திரி பஞ்சரானால் ஊஃபரை மாட்டி ஓட்ட முடியாது.

எல்லாம் மாட்டியாச்சு, இனி டியூனிங். இதற்குத்தான் பலரும் நேரம் கொடுப்பதில்லை. முதலில் கெய்ன், அதாவது உள்ளே வருகிற ஒலியை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கிற திருகு. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஃபில்டர்களை எல்லாம் அணைத்துவிட்டு, 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் அளவு வைத்து, ஆம்பின் வெளியீட்டை மல்டிமீட்டரில் ஏசி வோல்ட்டில் அளந்து பாருங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று தெரியும், 75 வாட் 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். அந்த அளவு வருகிறவரை கெய்னைத் திருப்பி நிறுத்துங்கள். விலை குறைந்த மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டும், அதனால்தான் 100.

அடுத்து ஃபில்டர். ஊஃபர் இருந்தால் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழே உள்ளதைத் தடுப்பது), ஊஃபருக்கு அதே 80-இல் லோ பாஸ் (மேலே உள்ளதைத் தடுப்பது), இல்லாவிட்டால் கதவுக்கு 60. அப்புறம் தாமதம், பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி காதுக்கு முந்தி வராமல் பிடித்து வைப்பது. நம் வண்டியில் வலது ஸ்பீக்கர் பக்கத்தில், இடது தூரத்தில். காதிலிருந்து இரண்டுக்கும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வலது 90 சென்டிமீட்டர், இடது 140 என்றால் வித்தியாசம் 50, ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும், ஆகவே வலதுக்கு ஏறக்குறைய 1.5 மில்லி செகண்ட் தாமதம் கொடுத்தால் பாடுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து எழுந்து டேஷ்போர்டின் நடுவில் போய் உட்காருவார். (உயரத்தால் ஒலியின் வேகம் மாறும் என்று சிலர் சொல்வார்கள், மாறுவது வெப்பத்தால்தான். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 10 டிகிரியில் 337. இந்தக் கணக்குக்கு அது ஒன்றும் செய்யாது.)

ஈக்வலைசரை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த சூட்டோடு தொடாதீர்கள். 300 சொச்சம் மீட்டரிலிருந்து குன்னூரின் 1,850 மீட்டருக்கு ஒரு மணி நேரத்தில் வந்திருப்பீர்கள், காது அடைத்திருக்கும், பாட்டு மந்தமாகக் கேட்கும், ட்ரெபிளை ஏற்றி வைத்துவிட்டு மறுநாள் காலையில் ஜால்ரா காதைக் கிழிக்கும். ஒரு இரவு தூங்கி எழுந்து செய்யுங்கள். எதையும் ஏற்றுவதைவிடக் கூடுதலாக இருப்பதைக் குறைப்பது நல்லது. டிஎஸ்பியில் இரண்டு செட்டிங் சேமித்து வையுங்கள், நிற்கும்போது கேட்க ஒன்று, ஏறும்போது கேட்க இன்ஜின் மறைக்கிற இடத்தை 3 டெசிபல் தூக்கிய இன்னொன்று. கூரை திறக்கிற வண்டி என்றால் அதற்கு மூன்றாவது. சோதிக்க நன்றாகப் பதிவான கச்சேரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தம்புராவின் ரீங்காரம் தனியாகவும் தொப்பியின் கும்மல் தனியாகவும் கேட்டால் சரி. வழியில் போன் சிக்னல் போகும், பாட்டைப் பென் டிரைவில் ஏற்றி வைப்பது மேல். பழனி மலைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு 100.5-இல் கொடைக்கானல் எஃப்எம் இருக்கவே இருக்கிறது.

ஓட்டும்போது வால்யூமுக்கு ஒரு அளவுகோல்: கண்ணாடியை ஒரு விரல் இறக்கினால் வெளியே வருகிற வண்டியின் ஹாரன் கேட்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும் என்பது சட்டம், அந்த வண்டி வருவதே தெரியாவிட்டால் எப்படி விடுவது. முதுமலைக்குள் செட்டை அணைத்தே விடுங்கள்.

கடைசியாகப் பேட்டரி. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து, பேட்டரி நெகட்டிவ் ஒயரோடு தொடராக இணைத்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் ஆம்ப் தூங்கவில்லை, ஆம்பை எழுப்பவும் அணைக்கவும் செய்கிற ரிமோட் ஒயரைப் பாருங்கள். வார இறுதியில் மட்டும் எடுக்கிற வண்டிக்கு, அதுவும் உறைபனிக் காலத்தில், இந்த ஒரு கசிவு போதும் அடுத்த சனிக்கிழமை தள்ளிக்கொண்டு நிற்க. பில்லை எல்லாம் பத்திரப்படுத்தி, அடுத்த தடவை இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது கம்பெனி பொருத்தாத மின்சாதனம் என்று செட்டின் மதிப்பைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் திருடு போனாலும் இடித்தாலும் அதற்குப் பணம் வராது.